இல்லாதவர்களைக் கொண்டு ஓர் இசைக்குழு

"மறைந்த இசைக்கலைஞர்களை மட்டுமே கொண்டு ஒரு குழு அமைக்கச் சொன்னால், முதலில் யாரை அழைப்பீர்கள்?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடம் போதாமையால், "டிரம்ஸுக்குச் சார்லி வாட்ஸ்; மற்றவர்கள் பிறகு" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். உயிரோடிருப்பவர்களைப் பற்றி எழுதி நான் சம்பாதித்த கோபமெல்லாம் அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களுக்கு உறைபோடக் காணாது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் குழுவுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டிரம்ஸோடு நிறுத்திவிட்டீர்களே, மற்றவர்கள் யார் யார்? இந்த விளையாட்டுக்கு விதிமுறை ஏதும் உண்டா?

பதில்: பாட்டுக்கும் பியானோவுக்கும் அரீத்தா ஃபிராங்க்ளின், ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனுக்குப் பில்லி பிரெஸ்டன், டெனர் சாக்ஸஃபோனுக்குக் கிங் கர்ட்டிஸ், கிட்டாருக்கு ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்கு ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம்ஸுக்குச் சார்லி வாட்ஸ். ஆறே பேர்.

விதிமுறைகள் இரண்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உலகத்திலேயே சிறந்தவர் யார் என்று கேட்கக்கூடாது என்பது முதலாவது. அப்படிச் சேர்த்த குழுவில் ஆறு தனி ஆவர்த்தனங்கள் கிடைக்கும், ஒரு பாட்டு கிடைக்காது. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு வாசிப்பவரா என்பதை மட்டுமே பார்த்தேன். இரண்டாவது விதி, ஒருவரை அழைக்கும்போது எந்த வயதில் அழைக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும் என்பது. இதைப் பலரும் யோசிப்பதில்லை. 1966ஆம் ஆண்டின் ஜேமர்சன் வேறு, 1980ஆம் ஆண்டின் ஜேமர்சன் வேறு. வாட்ஸை 24 வயதிலும் அழைக்கலாம், 74 வயதிலும் அழைக்கலாம். எனக்குப் பின்னவரே வேண்டும். ஹெண்ட்ரிக்ஸைப் பொறுத்தவரை நமக்குத் தேர்வே இல்லை, 27 வயதிலேயே போய்விட்டார்.

கேள்வி: ஜான் பான்ஹம் இருக்கும்போது சார்லி வாட்ஸா? பான்ஹம் மறைந்ததும் அவர் டிரம்ஸ் வாசித்த லெட் செப்பலின் என்ற ராக் குழு கலைந்தது. வாட்ஸ் மறைந்த பிறகும் அவருடைய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு மேடையேறிக்கொண்டுதான் இருக்கிறது. யார் பெரியவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பதில்: வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான், உங்களுடையது அவற்றில் மரியாதையானது.

1980 செப்டம்பர் 25 அன்று 32 வயதில் பான்ஹம் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, அவரில்லாமல் தொடர முடியாது என்று மற்ற மூவரும் அறிவித்துவிட்டார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் அவருடைய டிரம்ஸைப் போட்டு, மேலிருந்து இரண்டு ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த அந்த முழக்கம், 1971இல் வெளிவந்த அவர்களின் நான்காவது இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் வீட்டுச் சுவர்களின் பலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரும். நாலு கால் மண்டபத்தில் ஒரு காலை எடுத்தால் மண்டபம் நிற்காது என்பது சரிதான். ஆனால் அது மண்டபம் கட்டிய விதத்தைச் சொல்கிறதே தவிர, அந்தத் தூணைக் கொண்டுவந்து என் வீட்டில் நட்டால் பொருந்தும் என்பதைச் சொல்லவில்லை.

வாட்ஸின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்றில் இரண்டாவதிலும் நான்காவதிலும் இடக்கை ஸ்நேர் டிரம்மில் விழும். அப்போதும் வலக்கை நிற்காமல் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத் தட்டில் ஓடிக்கொண்டே இருப்பது பெரும்பாலோரின் வழக்கம். வாட்ஸோ ஸ்நேரில் அடி விழும் அந்தக் கணத்தில் வலக்கையைத் தூக்கிவிடுவார், ஹை-ஹாட் பேசாது. ஸ்நேரின் அடி தனியாக, துலக்கமாகக் கேட்கும். அதற்கு அடுத்த கணம் வருவதற்குள் ஒரு சிறு தயக்கம் இருக்கும். அந்தத் தயக்கத்தில்தான் பாட்டின் ஆட்டமே இருக்கிறது. ஜாஸ் கேட்டு வளர்ந்த மனிதர் அவர். 1957ஆம் ஆண்டு செய்த ஒரு சிறிய கிரெட்ஷ் டிரம்ஸ் தொகுதியை வைத்துக்கொண்டு, பிரம்மாண்டமான அரங்குகளிலெல்லாம் வாசித்தார். நான் அழைக்கும் பேஸ் கலைஞரோ ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறவர். அவருக்குக் கீழே தரை அசையாமல் இருக்க வேண்டும். பான்ஹம் வந்தால் தரையும் சேர்ந்து ஆடும்.

கேள்வி: ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பெயரையே நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பேஸ் மேதை ஜாக்கோ பஸ்டோரியஸை விட்டுவிட்டு இவரை எதற்காக அழைக்கிறீர்கள்?

பதில்: பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள். டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனம் 1960களில் வெளியிட்ட வெற்றிப் பாடல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பேஸ் வாசித்தவர் இவரே. அந்தக் காலத்தில் அந்த இசைத்தட்டுகளின் உறையில் பாடகரின் பெயர் இருக்கும், வாத்தியக்காரர்களின் பெயர் இருக்காது. 1971இல் பாடகர் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் முதன்முறையாக அவர்கள் பெயர் அச்சேறியது. அதற்குள் ஏறத்தாழ பத்தாண்டுகள் உலகமே ஜேமர்சனின் விரலுக்கு ஆடி முடித்திருந்தது.

விரல் என்று ஒருமையில் சொல்வது தவறில்லை. ஆளுயரப் பெரிய டபுள் பேஸில் பழகிய அவர், மின்சார பேஸுக்கு மாறிய பிறகும் வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார். உடன் வாசித்தவர்கள் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே ஒரு நுரைப்பஞ்சுத் துண்டைச் செருகி, நாதம் நீளாமல் சட்டென்று அடங்கும்படி வைத்திருந்தார். இத்தனை எளிய ஏற்பாட்டிலிருந்து, பாடகரின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடும். அதே சமயம் பாடகரின் ஒரு சொல்லைக்கூட அது மறைக்காது. சங்கதி நிறையப் போட்டும் இடைஞ்சலாக இல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. ஜேமர்சனும் பின்னால் சென்றார். பழைய மாதிரி வேலை கிடைக்கவில்லை, குடியும் சேர்ந்துகொண்டது. 1983இல் அந்நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டபோது, மேடையில் ஒலித்த பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தவர் பார்வையாளர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவருடைய அந்தப் பழைய பேஸ் திருடுபோயிருந்தது. எனவே இவரை மட்டும் திறமைக்காக மட்டுமே அழைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறையாவது மேடையின் நடுவில், பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி உட்கார வைக்கவேண்டும் என்று ஓர் ஆசை.

ஜாக்கோ மகா வித்வான். கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, பேஸை வாய்ப்பாட்டுபோல் பாட வைத்தவர். அவர் வந்தால் குழு அவருடையதாகிவிடும்.

கேள்வி: குயீன் குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரியை அழைக்காமல் ஒரு கனவுக் குழுவா? அவரும் பியானோ வாசிப்பவர்தானே?

பதில்: 1985 ஜூலை 13 அன்று, லண்டனின் வெம்ப்ளி அரங்கில் சுமார் 20 நிமிடங்களில், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஒரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டவர் மெர்க்குரி. ஆனால் என் குழு வாசிப்பது ஒரு சின்ன அறையில். கேட்பதற்குக் கூட்டமே இல்லை. கூட்டமில்லாத மெர்க்குரியை உட்கார வைப்பது, கடலில்லாத இடத்தில் கப்பலை நிறுத்துவது போன்றது. அவருக்கே அது அவமரியாதை. அரீத்தாவின் பரம ரசிகரான அவர் என் தேர்வைக் குறை சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அரீத்தாவை அழைப்பதற்கு அவருடைய குரல் மட்டுமே காரணமில்லை. முதலில் கொலம்பியா நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் பாடினார். நல்ல பாட்டுகள், நல்ல வாத்தியக் கோவைகள், எல்லாம் இருந்தும் எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. 1967 ஜனவரியில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெரி வெக்ஸ்லர் அவரை அலபாமாவில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, பியானோவின் முன் உட்கார வைத்து, மற்றவர்களை அவருடைய கையைப் பின்பற்றச் சொன்னார். அன்று பிறந்ததுதான் நாம் அறிந்த அரீத்தா. அவர் வாசித்துக்கொண்டே பாடும்போது மூச்சு, நடை, அழுத்தம் எல்லாம் பியானோவிலேயே எழுதி ஒட்டியதுபோல் தெரியும். மற்றவர்களுக்குக் கைகாட்ட வேறு ஒருவர் தேவைப்படாது. ஆகவே, 'குழுவுக்குத் தலைவர் யார்' என்று தனியே எழுதிக் கேட்ட மூன்று பேருக்கும் இதுவே பதில்.

மற்றவர்களுக்கு வளைந்து கொடுப்பாரா என்ற ஐயமும் வேண்டாம். 1998இல் கிராமி விருது விழாவில் ஆப்பெராப் பாடகர் பவரோட்டி உடல்நலக் குறைவால் பாட முடியாமல் போனபோது, கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட அரீத்தா, பவரோட்டிக்காக அமைத்திருந்த அதே சுருதியில், அதே வாத்தியக் குழுவுடன், அந்த இத்தாலிய ஆப்பெராப் பாடலைப் பாடி முடித்தார்.

கேள்வி: அடக்கி வாசிப்பவர்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஹெண்ட்ரிக்ஸை அழைப்பது முரண்பாடாக இல்லையா? கிங் கர்ட்டிஸ் எதற்கு?

பதில்: பல்லால் கிட்டார் வாசித்தவர், மேடையில் அதைக் கொளுத்தியவர் என்ற ஹெண்ட்ரிக்ஸை மட்டும் நினைத்தால் முரண்பாடுதான். 1966 செப்டம்பரில் லண்டனுக்குப் போய்ப் புகழ்பெறுவதற்கு முன்னால், அவர் ஆண்டுக்கணக்கில் பிறருக்குப் பின்னால் நின்று வாசித்த கிட்டார்க்காரர். ஐஸ்லி சகோதரர்களுக்கு வாசித்தார், பாடகர் லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்தார். தலைவரைவிடப் பளிச்சென்று தெரிந்ததால் அங்கே உரசல் வந்தது உண்மை. அதை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. வலக்கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து அடித்தந்தியை அழுத்திக்கொண்டு, மற்ற விரல்களால், பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன மெட்டுகளைக் கோத்துக் கொடுப்பார். மெதுவான பாட்டுகளில் அவர் அப்படி வாசித்ததைக் கேட்டவர்களுக்கு, அந்தக் கைக்குத் துணை வாசிக்கவும் தெரியும் என்பதில் சந்தேகம் எழாது.

கிங் கர்ட்டிஸை அழைத்தது ஏன் என்ற கேள்வியில்தான் இந்த விளையாட்டு எனக்கே ஒரு வியப்பைக் காட்டியது. 1966இன் தொடக்கத்தில் ஹெண்ட்ரிக்ஸ் சில மாதங்கள் வாசித்தது இந்தக் கர்ட்டிஸின் குழுவில். 1967இல் அரீத்தாவின் மிகப் பிரபலமான பாட்டில் வரும் சாக்ஸஃபோன் இவருடையது. 1971 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் மூன்று இரவுகள் அரீத்தா பாடியபோது, பக்கவாத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கர்ட்டிஸ். ஆர்கன் வாசித்தவர் பில்லி பிரெஸ்டன். பிரெஸ்டனோ 1962லேயே, 16 வயதில், லிட்டில் ரிச்சர்டின் குழுவில் ஐரோப்பா சுற்றியவர். 1970களில் ரோலிங் ஸ்டோன்ஸோடு பயணம் செய்து வாட்ஸின் அருகே உட்கார்ந்து வாசித்தவர். கனவென்று நான் கூட்டிச் சேர்த்த கூட்டத்தில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒருவரோடொருவர் வாசித்து, அறிமுகமானவர்களாக இருக்கிறார்கள். ஃபில்மோர் நிகழ்ச்சி நடந்த அதே ஆண்டு ஆகஸ்டில் கர்ட்டிஸ் நியூயார்க்கில் தம் வீட்டு வாசலில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். வயது 37.

பிரெஸ்டனைப் பற்றி ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. 1969 ஜனவரியில், பீட்டில்ஸ் நால்வரும் முகம் கொடுத்துப் பேசமுடியாத நிலையில் இருந்தபோது, ஜார்ஜ் ஹாரிசன் அவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்ததும் அறையின் சூழலே மாறிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சண்டை அடங்குமே, அதுபோல. ஆறு பேர் கொண்ட குழுவில் அப்படி ஒருவர் கட்டாயம் தேவை.

கேள்வி: ராக் இசைக்கலைஞர்களில் இத்தனை பேர் 27 வயதிலேயே இறந்திருப்பது ஏன்?

பதில்: பிரையன் ஜோன்ஸ், ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்லின், ஜிம் மோரிசன் ஆகிய நால்வரும் 1969 ஜூலைக்கும் 1971 ஜூலைக்கும் இடையில், அதே வயதில் இறந்தார்கள், பிறகு கர்ட் கோபெய்னும் ஏமி வைன்ஹவுஸும் சேரவே, அந்த எண்ணுக்கு ஒரு மர்மம் ஒட்டிக்கொண்டது. 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் கணக்கிட்டுப் பார்த்து, 27இல் தனியான உச்சம் எதுவும் இல்லை என்று கண்டது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் மற்றவர்களைவிட அதிகம் இறக்கிறார்கள் என்பதும் அதே ஆய்வின் முடிவு. எண்ணைப் பார்க்காமல் போதையையும் ஓய்வின்மையையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: இப்படிப்பட்ட கனவுக் குழுவை உண்மையிலேயே யாராவது அமைக்க முயன்றது உண்டா?

பதில்: உண்டு, அதுவும் ஒரு தந்திச் செய்தியின் வடிவில். 1969 அக்டோபர் 21 அன்று லண்டனில் பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலகத்துக்குப் பால் மெக்கார்ட்னி பெயரில் ஒரு தந்தி வந்தது. நியூயார்க்கில் இந்த வார இறுதியில் ஓர் இசைத்தட்டு பதிவு செய்கிறோம், பேஸ் வாசிக்க வரமுடியுமா என்பது செய்தி. அனுப்பியவர்கள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ். மெக்கார்ட்னி விடுமுறையில் இருக்கிறார் என்று அலுவலகத்திலிருந்து பதில் போனது. பதிவு நடக்கவே இல்லை. அழைத்த மூவரும் இப்போது, மறைந்தவர்கள் மட்டுமே என்ற நம் விதிமுறைக்குள் வந்துவிட்டார்கள். மெக்கார்ட்னி நூறாண்டு தாண்டியும் விதிமுறைக்கு வெளியிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஜாகிர் உசேனையும் மாண்டலின் ஸ்ரீநிவாஸையும் மறந்துவிட்டீர்களா?

பதில்: மறக்கவில்லை, தள்ளி வைத்தேன். ஜேமர்சனின் பேஸ் சுரக்கூட்டு மாறுவதைப் பின்பற்றி நகர்வது. ஸ்ரீநிவாஸின் வாசிப்போ அசையாத சுருதியின் மீது ராகத்தை விரிப்பது. இரண்டையும் ஒரே அறையில் விட்டால், ஒன்று மற்றதற்காகத் தன் இயல்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். 2014இல் 45 வயதில் ஸ்ரீநிவாஸும், 2024 டிசம்பரில் ஜாகிரும் மறைந்தார்கள். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினுடன் அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவுகள் இருக்கவே இருக்கின்றன.

அவர்களுக்கு வேறொரு குழு வைத்திருக்கிறேன். அதில் மூன்றாமவர் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். ரவி சங்கரின் இசையில் மனத்தைப் பறிகொடுத்து, தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர். ரவி சங்கரிடம் அமர்ந்து பாடம் கேட்க ஏற்பாடு செய்திருந்த நிலையில், 1967 ஜூலையில், 40 வயதில் இறந்துபோனார். ஸ்ரீநிவாஸ் அப்போது பிறக்கவே இல்லை. தம்பூரா, தபலா, மாண்டலின், சாக்ஸஃபோன். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டாவது குழுவைக் கேட்கத்தான் எனக்கு ஆவல் அதிகம். ஆனால் கேள்வி முதல் குழுவைப் பற்றியதாக இருந்துவிட்டது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இதைக் கனவு என்று ஏன் சொல்ல வேண்டும்? நிஜமாகவே செய்துவிடலாமே?

பதில்: குரலைக் கொண்டுவரலாம். 1970களின் பிற்பகுதியில் பீட்டில்ஸின் ஜான் லெனான் வீட்டில் கேசட்டில் பதிவு செய்துவைத்த ஒரு பாட்டை, 1990களில் மற்ற மூவரும் முடிக்க முயன்று கைவிட்டார்கள். குரலும் பியானோவும் ஒன்றோடொன்று கலந்து, பிரிக்க முடியாமல் இருந்தது ஒரு முக்கியக் காரணம். பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்த பிறகு 2023 நவம்பரில் அது வெளிவந்தது. 2024இல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் மீட்டு ஒரு பாட்டில் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். இரண்டிலும் செய்தவர்களின் நேர்மையைக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் மீட்டெடுத்த குரலுக்கு வாய் உண்டு, காது கிடையாது. லெனானின் குரலுக்கு ஏற்றபடி மற்றவர்கள் வாசிக்கலாம். அவர்கள் வாசித்ததைக் கேட்டு லெனான் ஒரு சொல்லை நீட்டவோ குறுக்கவோ மாட்டார். காதைப் பார்த்து ஆள் சேர்த்த குழுவுக்கு இது உதவாது.

கேள்வி: முதல் நாள் ஒத்திகையில் எந்தப் பாட்டை வாசிக்கச் சொல்வீர்கள்?

பதில்: பாட்டு எதையும் கொடுக்க மாட்டேன். மூன்று சுரக்கூட்டுகள், நான்கு எண்ணிக்கை கொண்ட 12 சுற்றுகள், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து என்ற ப்ளூஸ் அமைப்பு போதும். ஆறு பேருக்கும் தூக்கத்தில்கூட வரும். சுருதியை அரீத்தா பியானோவில் தொட்டுக் காட்டுவார். முதல் வட்டம் பியானோவும் ஆர்கனும் மட்டும்; அவரும் பிரெஸ்டனும் தேவாலயப் பாட்டில் வளர்ந்தவர்கள், அந்த இரண்டு வாத்தியங்களும் அங்கே சேர்ந்தே ஒலிப்பவை. இரண்டாவது வட்டத்தில் வாட்ஸ் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷைக் கையில் எடுப்பார், ஜேமர்சன் மிக எளிமையாக ஆரம்பிப்பார். மூன்றாவதில் அரீத்தா பாடத் தொடங்குவார். பாட்டின் அடிக்கு அடி விடும் இடைவெளியில் கர்ட்டிஸ் பதில் சொல்வார். ஹெண்ட்ரிக்ஸை மட்டும் ஐந்தாவது வட்டம் வரை காத்திருக்கச் சொல்லி வைப்பேன்.

அவர் காத்திருக்க மாட்டார். நான்காவதன் நடுவிலேயே எங்கிருந்தோ ஒரு சுரம் கசியும். அரீத்தா வாசிப்பதை நிறுத்தாமல், தலையை மட்டும் திருப்பி அவரை ஒருமுறை பார்ப்பார்.